கன்னிக்குட்டி கேட்கப் போய் சீர்மூட்டை சுமந்து வந்தேன்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு நாய். நேரில் பார்த்த நாய் அல்ல, போனில் பார்த்தது. பெயர் குக்கி, சென்னையில் ஒரு வீட்டு நாய். கறுத்து மெலிந்த உடம்பு, இரண்டு கண்ணுக்கும் மேலே செம்புள்ளி, நீண்ட மூஞ்சி. கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து, பிறந்தநாள் கேக்கை மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மொத்தம் பதினெட்டு விநாடி. அதை நான் நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். என்னைப்போல் நாலு லட்சம் பேர் அந்தப் பக்கத்தைப் பின்தொடர்கிறார்கள் என்பதால் எனக்குப் பைத்தியம் என்று யாரும் தனியாகச் சொல்ல முடியாது.

கன்னி என்பது நம் தென்மாவட்டங்களின் வேட்டை நாய் இனம். குக்கியைப் பார்த்த நாளிலிருந்து எனக்கும் ஒரு கன்னிக்குட்டி வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. இன்ஸ்டாகிராமில் விசாரித்தால் காதின் மடிப்புக்கு ஒரு விலை, வாலின் வளைவுக்கு ஒரு விலை சொன்னார்கள். ஒருவர் குட்டியைக் காட்டும் முன்பே முன்பணம் கேட்டார். இந்த வலைப்பதிவைப் படிக்கும் அருப்புக்கோட்டை வாசகி ஒருவர்தான், எம்.ரெட்டியபட்டிக்கு அந்தப் பக்கம் வெள்ளாமை செய்யும் ஒரு சம்சாரிக் குடும்பம் விலையே வாங்காமல் குட்டி கொடுக்கிறது என்று எண் அனுப்பினார். கூப்பிட்டேன். சீனிச்சாமி என்பவர் எடுத்தார். "நேர்ல வாங்க, பாப்போம்" என்றார்.

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது என் முதல் தவறு. சிவப்புக் கழுத்துப்பட்டை வாங்கினேன், எவர்சில்வர் கிண்ணம் வாங்கினேன். குடும்ப வாட்ஸப் குழுவில் குட்டிக்குப் பெயர் வைக்க வாக்கெடுப்பே நடந்து முடிந்தது. திரும்பும்போது குட்டியோடு வர அருப்புக்கோட்டையிலிருந்து சென்னைக்கு வாடகைக் காரும் பேசி, ஆயிரம் ரூபாய் முன்பணம் அனுப்பிவிட்டேன். பிள்ளை பிறக்கும் முன்பே தொட்டில் கட்டுவது எங்கள் வீட்டுப் பழக்கம்.

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை இரவு, மானாமதுரை வழியாகச் செங்கோட்டை போகும் ரயிலைப் பிடித்தேன். தூங்கும் வசதிப் பெட்டியில் ₹335. வாரத்தில் சில நாட்கள்தான் ஓடுகிறது, நாள் பார்த்துப் பதிவு செய்யுங்கள். 35 நிமிடம் தாமதமாக, சனிக்கிழமை காலை 6:40க்கு அருப்புக்கோட்டையில் இறங்கினேன். ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ ₹80. வழியில் இரண்டு தெருக்களில் அந்நேரத்துக்கே விசைத்தறிச் சத்தம். ஒரு வீட்டுச் சத்தம் ஓய்வதற்குள் அடுத்த வீட்டுச் சத்தம் காதில் ஏறிவிடுகிறது. பஸ் ஸ்டாண்ட் வாசலில் பருத்திப்பால் ஒரு டம்ளர் ₹20. சுக்கும் கருப்பட்டியும் தூக்கலாக, தொண்டை வரை சூடாக இறங்கியது. நாலு இட்லி, ஒரு வடை ₹60. சட்னி சுமார்தான், பொய் சொல்ல மாட்டேன்.

8:10க்கு எம்.ரெட்டியபட்டி பஸ். 21 கிலோமீட்டர், 50 நிமிடம், ₹23. ஊரைத் தாண்டியதும் கரிசல் தொடங்கிவிடுகிறது. கோடை உழவு முடிந்து மழைக்குக் காத்திருக்கும் மானாவாரி நிலம், இந்தப் பக்கம் காடு என்பார்கள். கண்ணுக்கு எட்டிய வரை கறுப்பு, நடுநடுவே பனை, ஓரமெல்லாம் சீமைக்கருவேலம். ஆனிக் காற்று ஜன்னல் வழியாக மண்ணை அள்ளி முகத்தில் போடுகிறது. துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டேன். இந்த வெட்டவெளிக்கு ஒரு கம்பீரம் இருக்கிறது. மலையும் அருவியும் தேடி அலைகிறவர்கள் ஒரு முறை இந்த வறண்ட காட்டையும் பார்க்க வேண்டும்.

எம்.ரெட்டியபட்டியில் இறங்கி, சீனிச்சாமியின் தோட்டத்துக்கு ஷேர் ஆட்டோ. நாலு கிலோமீட்டர். ஆள் சேரக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ₹120 கொடுத்து முழு வண்டியையும் எடுத்துக்கொண்டேன். ஓட்டுநர் முனியசாமி என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த சிவப்புப் பட்டையைப் பார்த்துவிட்டார்.

"நாய்க்கு வந்தவுகளா? போன மாசம் பெங்களூர்லருந்து பெரிய காருல வந்தாக. வெறுங்காரத்தான் ஓட்டிட்டுப் போனாக" என்றார்.

எனக்கு அப்படி நடக்காது என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, எதற்கும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வருகிறேன், அதற்கு நடுவில் இந்தப் பக்கம் வண்டி கிடையாது என்றார்.

தகரக் கூரை போட்ட வீடு, பக்கத்தில் கிணறு, இரண்டு வேம்பு, அப்பால் ஒன்பது ஏக்கர் கரிசல். சீனிச்சாமியின் மனைவி தாயம்மாள் முற்றத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். குட்டிகள் ஐந்து, பிறந்து ஐம்பது நாள். தாய் நாய் பொன்னி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போய் வேம்புக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டது. கன்னி நாய் அறிமுகம் இல்லாதவர்களிடம் குழையாது என்று படித்திருந்தேன். இருந்தாலும் வருத்தமாகத்தான் இருந்தது.

எங்கள் குட்டி எது என்று கேட்டேன். தாயம்மாள் மோர் கொடுத்தார். குடித்து முடித்ததும், வீடு பார்க்க வேண்டுமே என்றார். சென்னைக்கு எப்படி வருவீர்கள் என்று கேட்டேன். போனில்தான் என்றார்.

அப்போதுதான் இவர்கள் வழக்கம் புரிந்தது. இந்தக் குடும்பத்தில் கன்னிக்குட்டியை விற்றதே கிடையாது. முன்பு பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது சீரோடு ஒரு பெட்டைக்குட்டியும் போகும். இப்போது கேட்டு வருகிறவர்களுக்கும் அதே மாதிரிதான் கொடுக்கிறார்கள். விலை வாங்காததற்குக் காரணம் தர்மம் என்று நினைத்திருந்தேன். தாயம்மாள் சொன்ன காரணம் வேறு.

"காசு வாங்கிட்டா அதோட நம்ம வாய் அடைச்சுப் போகும். சும்மா குடுத்தோம்னு வைங்க, நாளைக்கு அங்க அது நல்லா இல்லன்னா, போயி கூட்டிட்டு வந்துருவோம். பெறந்த வீட்டுக்கு அந்த உரிமை உண்டுல்ல."

சென்னையில் இருந்த என் வீட்டுக்காரரை வீடியோவில் கூப்பிட்டேன். அவர் தயாராக இருந்தார். சட்டையெல்லாம் மாற்றி, தலை வாரியிருந்தார். சோபாவைக் காட்டினார், ஏசியைக் காட்டினார், பால்கனியில் குட்டிக்கென்று வாங்கி வைத்த மெத்தையைக் காட்டினார். தாயம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "மண்ணு எங்க இருக்கு?"

என் வீட்டுக்காரர் போனோடு லிஃப்டில் இறங்கினார். கார் நிறுத்துமிடம், சிமெண்ட். நடைபாதை, டைல்ஸ். வெளியே தெரு, தார். வாட்ச்மேனிடம் விசாரித்து, கடைசியில் மடிப்பாக்கத்து அபார்ட்மெண்ட் காம்பவுண்டு மூலையில் ஒரு வேப்பமரத்தைச் சுற்றி விட்டிருந்த இரண்டடி மண் வட்டத்தைக் கண்டுபிடித்து, புதையல் எடுத்தவர் மாதிரி காட்டினார். அதில் யாரோ உடைந்த துடைப்பத்தைச் செருகி வைத்திருந்தார்கள்.

தாயம்மாள் சிரிக்கவில்லை. சார் நல்ல மனுசராத் தெரியிறாக என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தார். பிறகு, ஓடுற சாதிம்மா இது, ஒங்க வீட்டுல வாழாது என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. 560 கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்ள மாட்டேனா, மாடி வீட்டில் நாயே வளர்ப்பதில்லையா என்று பொரிந்தேன். அவர் கம்பைப் புடைத்துக்கொண்டே, வேற நாய் வளக்கலாம்ல என்றார், அவ்வளவுதான். அந்த வீம்பில் கிளம்பியிருப்பேன். ஆனால் முனியசாமி அஞ்சு மணிக்குத்தான் வருவார். கார்காரருக்குப் போன் போட்டு வண்டி வேண்டாம் என்றேன். ஆயிரம் ரூபாய் போனது போனதுதான்.

இப்படி வேறு வழியில்லாமல் உட்கார்ந்த ஆறு மணி நேரம்தான் இந்தப் பயணத்தின் பலன்.

அன்று அமாவாசை. காக்கைக்கு வைத்த பிறகு எனக்கும் இலை போட்டார்கள். முருங்கைக்காய் சாம்பார், அவரைக்காய் பொரியல், அப்பளம். கோபத்தோடு உட்கார்ந்தவள் மூன்றாம் முறை சோறு கேட்டேன். சாப்பிடும்போதே சீனிச்சாமியின் போன் விடாமல் கிணுகிணுத்தது. இவர்களிடம் குட்டி வாங்கியவர்கள் அமாவாசைதோறும் நாயை வீடியோ எடுத்து ஒரு வாட்ஸப் குழுவில் போட வேண்டும். மொத்தம் முப்பத்தொரு நாய்கள். பாட்டுச் சேர்க்கக் கூடாது, வேஷம் போடக் கூடாது. நாய் நாலு காலும் தெரிய நிற்க வேண்டும், பிறகு ஓட வேண்டும்.

தாயம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்க்கிறார். ஒரு வீடியோவில் நிறுத்தி, இதுக்கு நகம் வளந்திருக்கு, பத்து நாளா ஓட விடல, என்னன்னு கேளுங்க என்றார். சீனிச்சாமி அங்கேயே போன் போட்டார். அந்த வீட்டுக்காரர் காலில் அடிபட்டுப் படுத்திருக்கிறாராம். நான் அந்த வீடியோவைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது ஒரு நாய், அவ்வளவுதான்.

"எல்லாரும் மூஞ்சியப் பாப்பாக. நான் காலப் பாப்பேன். ஓடுற நாய்க்கு நகம் தரையிலயே தேஞ்சுரும். மூஞ்சி பொய் சொல்லும், நகம் சொல்லாது" என்றார் தாயம்மாள்.

இந்த இடத்தில் சீனிச்சாமியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலைந்து வருஷத்துக்கு முன் அவர், பொன்னியின் தாய் ஒரு முயலை விரட்டுவதை எடுத்து யூடியூபில் போட்டிருக்கிறார். ஒரே வாரத்தில் எங்கெங்கிருந்தோ ஆட்கள். பிடிப்பதைப் போடு, இன்னும் பெரிய முயலாகப் போடு என்று கேட்டிருக்கிறார்கள். முன்பு எப்போதாவது வேட்டைக்குப் போனவர்கள் கேமராவுக்காக வாரம் தவறாமல் போகத் தொடங்கினார்களாம், சுற்று வட்டாரம் முழுவதும். முயல் வேட்டை சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். ஒரு நாள் காலையில் காட்டைச் சுற்றி வந்தபோது ஒரு முயல் புழுக்கைகூடக் கண்ணில் படவில்லை, அன்றைக்கே அழித்துவிட்டேன் என்றார். வீடியோவை மட்டும் அல்ல, அந்தச் சேனலையே. முயல் விரட்டும் வீடியோ போடுகிற வீட்டிலிருந்து நாயைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இரண்டு முறை அப்படிக் கூட்டி வந்திருக்கிறார்கள். இப்போது நாய்கள் ஓடுவது மொபெட்டுக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுக்கும் சாக்குத் துணியை விரட்டித்தான். காட்டில் முயல்கள் மறுபடி வந்துவிட்டன என்று ஏதோ விருந்தாளி வந்த மாதிரி சொன்னார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது. பார்வைகளின் எண்ணிக்கையை நாளுக்கு எட்டு முறை பார்க்கிறவள் நான்.

மூன்று மணிக்குள் முப்பது வீடியோவும் வந்துவிட்டன. தாயம்மாள் அதற்குள் நாலைந்து தடவை, சிட்டு வந்துச்சா, சிட்டு வந்துச்சா என்று கேட்டுவிட்டார். சிட்டு முப்பத்தொன்றாவது நாய். மூன்று வருஷத்துக்கு முன் தென்காசிப் பக்கம் தோப்பு வைத்திருந்த பெரியவர் ஒருவருக்குக் கொடுத்தது. தை மாதம் வரை ஒழுங்காக வந்த வீடியோ பிறகு நின்றுவிட்டது. போன் எண்ணும் போகவில்லை. சீனிச்சாமி பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாராம். தோப்பில் வேறு ஆள் குத்தகைக்கு இருந்தார், பெரியவரைப் பற்றியும் தெரியவில்லை, நாயைப் பற்றியும் தெரியவில்லை. ஐந்து அமாவாசையாக இந்தப் பெண்மணி தினம் அந்த நாய்க்காக வழி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவர் மனதை மாற்றலாமே என்றுதான், நானும் ஒரு கன்னி நாயைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டேன் என்று குக்கியின் கேக் வீடியோவைக் காட்டினேன்.

தாயம்மாள் பார்த்தார். மறுபடி ஓடவிட்டார். கூலிங் கிளாஸ் நாயின் காதில் உரசும் இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். இடது காது நுனியில் சிறு பிளவு. நாற்பது தடவை பார்த்தும் நான் கவனிக்காத பிளவு. குட்டியாக இருக்கும்போது கம்பி வேலியில் கிழிந்தது, நான்தான் மஞ்சள் வைத்துக் கட்டினேன் என்றார். பிறகு விரலைக் கீழே நகர்த்தினார். சோபா நுனியில் தொங்கிய காலில் நகங்கள் வளைந்து, மெத்தையைக் கொக்கி போட்டுப் பிடித்த மாதிரி இருந்தன. அதையும் நான் நாற்பது தடவை பார்த்திருக்கிறேன்.

"ஏங்க, இங்க வாங்க. நம்ம சிட்டு" என்றார்.

சீனிச்சாமிக்கு ஆத்திரம். பெரியவர் நாயை மெட்ராசுக்கு விற்றுவிட்டார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. என் போனிலிருந்தே அந்த வீடியோவுக்குக் கீழே, இது எங்கள் வீட்டு நாய், தயவுசெய்து கூப்பிடவும் என்று எண்ணோடு எழுதச் சொன்னார். எழுதினேன். இதயப் படங்களின் வெள்ளத்தில் அது ஒரே நிமிடத்தில் கீழே போய்விட்டது. யாரோ ஒருவர் மட்டும், எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க ஆன்ட்டி என்று சிரித்திருந்தார். நாலு லட்சம் பேர் பார்க்கிற நாயைப் பற்றி அதன் பிறந்த வீட்டுக்காரர்கள் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை.

வலைப்பதிவு எழுதுவதில் கற்ற ஒரே தொழில் ரகசியம் அன்று உதவியது. பிரபலமான பக்கங்களில் விளம்பரத்துக்கென்று தனி மின்னஞ்சல் இருக்கும், அதை மட்டும் உடனுக்குடன் பார்ப்பார்கள். அதில் நடந்ததைச் சுருக்கமாக எழுதினேன். காதுப் பிளவு, பழைய பெயர், தோப்பு எல்லாம். இருபதாவது நிமிடம் பதில் வந்தது. எழுதியவர் ஷாலினி. இதற்கு முன்பும் பலர் உரிமை கொண்டாடியிருக்கிறார்கள், ஒருவர் வாசலுக்கே வந்து நாயை இழுத்திருக்கிறார், அதனால் பயம் என்றிருந்தார். ஒரு பெண் மட்டும் தனியாக வந்தால் பேசலாம். கடைசி வரி: நாயைத் தர முடியாது.

சீனிச்சாமி அன்றைக்கே பஸ் ஏறுகிறேன் என்று சட்டையை எடுத்தார். தாயம்மாள் வேண்டாம் என்றார். கோபத்தில் போனால் நாய் பயந்துவிடும் என்பது அவர் கவலை. என்னைப் பார்த்து, நீங்க அந்த ஊர்க்காரவுகதான, பாத்துட்டுச் சொல்லுங்க, நல்லா இல்லன்னா இவுக வந்து கூட்டிக்கிருவாக என்றார். அத்தோடு விடவில்லை. உள்ளே போய் ஐந்து கிலோ கம்பும், வெல்லக் கட்டியும், புதுப் பருத்திக் கயிறும் வைத்து மூட்டை கட்டினார். கயிற்றில் மஞ்சள் தடவியிருந்தது. பெறந்த வீட்டுலருந்து போறவுக வெறுங்கையோட போகக் கூடாது என்றார். குட்டி தர மாட்டேன் என்று காலையில் கைவிரித்த வீடு, சாயங்காலம் என்னைத் தன் வீட்டு ஆளாக்கி அனுப்புகிறது. நான் அழுதுவிட்டேன் என்பதை எழுதத் தயக்கம் இல்லை.

கிளம்பும் முன் நாலரை மணிக்கு நாய்களை ஓட விட்டார்கள். சீனிச்சாமி மொபெட்டில் சாக்குத் துணியை இழுத்துக்கொண்டு உழவுக் காட்டில் போக, பொன்னி பின்னால் போனது. முதுகு வில்லாக வளைந்து நிமிர்கிறது, நாலு காலும் ஒரே நேரத்தில் மண்ணை விட்டு எழுகின்றன, கிளம்பிய புழுதி அடங்குவதற்குள் அது அடுத்த வரப்பில் நிற்கிறது. அவ்வளவு அழகான ஒன்றை நான் சமீபத்தில் பார்த்ததில்லை. எங்கள் பால்கனி மெத்தையை நினைத்துக்கொண்டேன், வெட்கமாக இருந்தது.

முனியசாமி சொன்ன நேரத்துக்கு வந்தார். மூட்டையைப் பார்த்துவிட்டு, நாய்க்கு வந்து கம்பு வாங்கிட்டுப் போறவுக நீங்கதான் மொதல் ஆளு என்றார். சிரித்துக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். எம்.ரெட்டியபட்டிப் பக்கமிருந்து நேரே அருப்புக்கோட்டைக்குத் திரும்பாமல் திருச்சுழி வழியாக வாருங்கள். ஆட்டோவில் 13 கிலோமீட்டர், ₹300. திருமேனிநாதர் கோவில் மாலை திறந்திருக்கும். அந்த நேரத்தில் கூட்டம் இல்லை, பிரகாரத்தில் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை 15 கிலோமீட்டர், பஸ் ₹17, அரை மணி நேரத்துக்கு ஒன்று கிடைத்தது. அங்கிருந்து மதுரை ஒன்றேகால் மணி நேரம். மதுரையிலிருந்து சென்னைக்கு இரவு பஸ்ஸில் ₹850 ஆனது. ஆனி, ஆடியில் போனால் கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்குத் துணியும் கட்டாயம். பசுமை வேண்டுமென்றால் ஐப்பசிக்குப் பிறகு போங்கள். தண்ணீர் இரண்டு லிட்டர் கையில் இருக்கட்டும், பஸ்ஸை விட்டு இறங்கினால் கடை கிடையாது.

மயிலையோ முயலையோ கண்டால் நின்று பாருங்கள், வீடியோவுக்காக விரட்டாதீர்கள். தோட்டம் இருக்கும் இடத்தை நான் வரைபடத்தில் குறிக்கவில்லை, இங்கே உள்ள பெயர்களும் மாற்றியவை. குட்டி வேண்டும் என்று எனக்கு எழுதாதீர்கள். முதலில் உங்கள் வாசலில் இறங்கி மண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்த ஐந்தில் நான் மனதுக்குள் பெயர் வைத்துவிட்ட குட்டி, பாலவனத்தத்தில் பருத்தி போடும் ஒரு வீட்டுக்குப் போய்விட்டது. வீடு பார்த்தபோது அவர்கள் போனைத் திருப்பிக் காட்டியது காட்டைத்தானாம்.

திங்கள்கிழமை மாலை ஆறரைக்கு மூட்டையோடு ஷாலினி வீட்டுக்குப் போனேன். பெருங்குடியில் நாலாவது மாடி. நான் மனதில் வரைந்திருந்த பேராசைக்காரி அங்கே இல்லை. இருபத்தாறு வயதுப் பெண், ஆபீஸிலிருந்து வந்த களைப்போடு கதவைப் பாதி திறந்தாள். தென்காசிப் பெரியவர் அவளுடைய அப்பா. தை மாதம் திடீரென்று தவறிவிட்டார். அம்மா முன்பே இல்லை. தோப்பைத் தரகர் மூலம் வெளியூர்க்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, யாருமற்று நின்ற நாயை மட்டும் தன்னோடு கூட்டி வந்திருக்கிறாள். அப்பாவின் போனில் இருந்த குழுவைப் பற்றியெல்லாம் அவளுக்குத் தெரியாது. வீட்டில் பேச ஆளில்லாமல் நாயை வீடியோ எடுத்துப் போடத் தொடங்கினாளாம், அது இப்படிப் பெருகிவிட்டது. வெளியே விட்டால் ஓடித் தொலைந்துவிடும் என்ற பயத்தில் மாடியை விட்டு இறக்குவதில்லை. "இவளும் போயிட்டா எனக்கு அப்பாவோடதுன்னு ஒண்ணும் இல்லங்க" என்றாள்.

நான் மூட்டையை அவிழ்த்தேன். சிட்டு எழுந்து வந்தது. நகங்கள் டைல்ஸ் தரையில் டக்டக்கென்று கேட்டன. கயிற்றை மோந்து பார்த்தது, பிறகு அதன் மேலேயே படுத்துக்கொண்டது. ஷாலினி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களிடம் அவர்கள் எண் இருக்கிறதா என்று அவளே கேட்டாள்.

வீடியோவில் தாயம்மாள் வந்தார். பின்னால் சீனிச்சாமி விறைப்பாக நின்றார். ஷாலினி அப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் இல்லை என்றாள். அப்பா எப்பம்மா தவறுனாக, எப்படி, பக்கத்துல யாரு இருந்தா என்று தாயம்மாள் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஷாலினி பதில் சொல்லச் சொல்ல சீனிச்சாமி மெல்லக் கீழே உட்கார்ந்தார். நாயைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கடைசியில் ஷாலினிதான், நீங்க அவளைக் கூட்டிட்டுப் போயிருவீங்களா என்று கேட்டாள்.

தாயம்மாள் இல்லை என்றார். பறிக்கிறதுக்கு இல்லம்மா பெறந்த வீடு, ஆடி பெறக்கப் போகுது, பிள்ளைகள ஆடிக்கு அழைக்கிறது வழக்கந்தான, ஒரு மாசம் சிட்டு இங்க வந்து ஓடிட்டு வரட்டும் என்றார். ஷாலினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நானே டிக்கெட் போட்டு யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன் என்றாள்.

"அவள மட்டும் அனுப்பாத தாயி. நீயும் கூட வா. ஒனக்கும் ஆடிக்குப் போக ஒரு வீடு வேணும்ல."

ஷாலினி என்னிடம் போனைக் கொடுத்துவிட்டு நாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் சமையலறைக்குப் போய் மூவருக்கும் கம்பங்கஞ்சி வைத்தேன்.